மருந்தும் மெய்ப்பிப்பும்: பாதுகாப்புச் சட்டங்களும் புத்தாக்கமும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

புதிய மருந்தொன்று நோயாளியின் கையை அடையுமுன் அரசு அதனை எவ்வளவு காலம், எவ்வளவு கடுமையாகச் சோதித்தல் வேண்டும் என்பது மருந்தியலாளர்க்கு மட்டுமே உரிய வினாவன்று. மருந்து சந்தைப் பண்டமாகிவிட்ட சமுதாயத்தில் அப்பண்டத்தின் தன்மையை அறிந்திருப்பவர் உற்பத்தியாளர். அறியாது உட்கொள்பவர் நோயாளி. இவ்விருவருக்குமிடையே அரசு எங்கு நிற்றல் வேண்டும் என்பது அரசியற் பொருளாதார வினாவுமாகும். இது பொதுவாக ஓர் இருமையாகவே முன்வைக்கப்படுகின்றது. கட்டுப்பாடு கூடினாற் புத்தாக்கம் குன்றும் என்பது ஒரு சாரார் வாதம். பாதுகாப்பின் பொருட்டு எத்தகைய தாமதமும் ஏற்கத்தக்கதே என்பது மறுசாரார் வாதம். வரலாற்றை நுணுகி நோக்குமிடத்து இரண்டுமே குறைபாடுடையன என்பது புலனாகும். மெய்ப்பிக்கும் கடமை யாருடையது, அது எப்பொழுது நிறைவேற்றப்படுகின்றது, நிறைவேற்றப்படாதவிடத்து விலை கொடுப்பவர் யார் என்பனவே தீர்க்கமான வினாக்கள். இக்கருத்தை ஐக்கிய அமெரிக்காவின் அனுபவத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு ஆராய முற்படுகின்றோம். அந்நாட்டின் மருந்துச் சட்டங்கள் பிற நாடுகள் பலவற்றின் சட்டங்களிற் செல்வாக்குச் செலுத்தியவை. அவை பற்றிய விவாதமும் அங்கு வெளிப்படையாகவே நடைபெற்றது. இறுதியில் எமது நாட்டின் நிலையையும் சுருக்கமாக நோக்குவோம்.

1. ஒரு சொல்லாற் கிடைத்த அதிகாரம்

1930களின் நடுப்பகுதி மருத்துவ வரலாற்றில் ஒரு திருப்புமுனை. ஜேர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஆய்வாளரான கெர்காட் டொமாக் 1935இல் வெளியிட்ட ஆய்வு, புரொன்ரோசில் என்னும் சாயப்பொருள் ஒருவகைப் பற்றீரியாத் தொற்றைக் கட்டுப்படுத்தும் என்பதை எடுத்துக்காட்டியது. அச்சாயத்தின் செயலாற்றும் பகுதி சல்பனிலமைட் என்பதனைப் பாரிசிலுள்ள பாஸ்ரர் நிறுவகத்தினர் அதே ஆண்டிற் கண்டறிந்தனர். சல்பனிலமைட் 1908ஆம் ஆண்டிலேயே ஆக்கப்பட்ட பொருளாதலின் அதன்மீது எவருக்கும் தனியுரிமை இருக்கவில்லை. எனவே பல கம்பனிகள் அதனைத் தயாரித்து விற்கத் தலைப்பட்டன.

குளிசையை விழுங்க இயலாத குழந்தைகளுக்கெனப் பாணி வடிவில் அதனைத் தயாரிக்க விரும்பிய அமெரிக்கக் கம்பனியொன்று, 1937இல், டைஎதிலீன் கிளைக்கோல் என்னும் திரவத்திற் கரைத்து, பழச்சுவையூட்டி விற்பனைக்கு விட்டது. சுவை, நிறம், மணம் ஆகியன சோதிக்கப்பட்டன, நச்சுத்தன்மை சோதிக்கப்படவில்லை. சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் அந்நஞ்சினால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பலர் குழந்தைகள்.

இந்நிகழ்ச்சியிற் கவனத்துக்குரியது சட்டத்தின் நிலையாகும். அன்று நடைமுறையிலிருந்த 1906ஆம் ஆண்டுச் சட்டம் கலப்படத்தையும் பொய்யான சுட்டுத்துண்டையும் தடுத்ததேயன்றி, மருந்து பாதுகாப்பானது என விற்பனைக்கு முன்னர் நிறுவவேண்டும் எனக் கூறவில்லை. மக்களைக் கொன்ற மருந்தை விற்பது தன்னளவிற் குற்றமாக இருக்கவில்லை. ஆயினும் அம்மருந்து ‘எலிக்சர்’ என்னும் பெயரைத் தாங்கியிருந்தது. அச்சொல் மதுசாரம் கலந்த மருந்துக்கே உரியது. இம்மருந்திலோ மதுசாரம் இல்லை. பெயர் பொய்யானது என்னும் அந்த ஒரு காரணத்தைப் பற்றிக்கொண்டே உணவு மருந்து நிர்வாகம் நாடெங்கணும் அம்மருந்தைக் கைப்பற்றியது. ‘கரைசல்’ எனப் பெயரிடப்பட்டிருந்தால் அந்த அதிகாரமும் இருந்திராது. மக்களின் உயிர் ஒரு சொல்லிலே தொங்கிநின்ற இந்நிலைமைதான் 1938ஆம் ஆண்டு யூன் மாதத்திற் கைச்சாத்தான புதிய சட்டத்தின் உடனடிப் பின்னணி. புதிய மருந்தின் பாதுகாப்பை விற்பனைக்கு முன்னர் நிறுவும் கடமை அச்சட்டத்தினால் உற்பத்தியாளர்மீது சுமத்தப்பட்டது. ஆயினும் அரசு குறித்த காலத்துள் மறுப்புத் தெரிவிக்காவிடின் விண்ணப்பம் தானாகவே செல்லுபடியாகும் என்னும் ஏற்பாடும் அதில் இருந்தது. அரசின் மௌனம் சம்மதமாகக் கொள்ளப்பட்டது.

1938இன் பின்னர் மருந்துக் கைத்தொழில் சுருங்கிவிடவில்லை. பெனிசிலின், ஸ்ரெப்ரோமைசின், ரெற்றாசைக்கிளின் முதலியன பரவலான பயன்பாட்டுக்கு வந்தது இச்சட்டத்தின் கீழேயே. பாதுகாப்புச் சட்டம் புத்தாக்கத்தின் பகை என்னும் வாதத்துக்கு இக்காலப்பகுதி தக்க மறுப்பாகும்.

2. தலிடோமைட்டும் 1962ஆம் ஆண்டுச் சட்டமும்

மேற்கு ஜேர்மனியின் கிரூனென்தால் நிறுவனம் 1957 ஒக்டோபரில் தலிடோமைட்டைத் தூக்கமருந்தாக அறிமுகப்படுத்தியது. கருவுற்ற பெண்களுக்கும் ஏற்றதென விளம்பரப்படுத்தப்பட்ட இம்மருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் விற்கப்பட்டது. கைகால்கள் குறைபட்ட குழந்தைகள் பெருந்தொகையிற் பிறப்பதற்கும் இம்மருந்துக்கும் தொடர்புண்டென 1961ஆம் ஆண்டின் இறுதியில் ஹம்பேர்க் நகர வைத்தியர் விடுகின்ட் லென்சும் அவுஸ்திரேலிய வைத்தியர் வில்லியம் மக்பிறைடும் தனித்தனியே எச்சரித்தனர். பாதிக்கப்பட்ட குழந்தைகளின் தொகை 10,000க்கு மேற்பட்டதென மதிப்பிடப்படுகின்றது.

ஐக்கிய அமெரிக்காவில் இம்மருந்தை விற்கக் கோரும் விண்ணப்பம் 1960 செப்டெம்பரில் உணவு மருந்து நிர்வாகத்தை அடைந்தது. அதனைப் பரிசீலிக்கும் பொறுப்பு, சில வாரங்களுக்கு முன்னரே அங்குப் பணியேற்ற பிரான்சஸ் கெல்சியிடம் விடப்பட்டது. இவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது 1937ஆம் ஆண்டின் நச்சுப் பாணி பற்றிய ஆய்விற் பங்குகொண்டவர். கம்பனி சமர்ப்பித்த சான்றுகள் போதா என அவர் மீண்டும் மீண்டும் விண்ணப்பத்தைத் திருப்பியனுப்பினார். நீண்டகாலம் உட்கொண்டோரின் நரம்புகள் பாதிக்கப்படுவதாகப் பிரித்தானிய மருத்துவ ஏட்டில் வெளியான கடிதமொன்றைக் கண்டதும் அது பற்றிய விளக்கத்தையும் கோரினார். சிசுக்களுக்கு நேர்ந்த கேட்டை அவர் முன்கூட்டியே அறிந்திருந்தாரல்லர். சான்று போதாது என்று கூறும் உரிமையை நிறுவன நெருக்குதலுக்கு விட்டுக்கொடுக்காமையே அவர் செய்த பணி. எனினும், ‘ஆய்வு’ என்னும் பெயரில் அக்கம்பனி ஆயிரத்துக்கும் மேற்பட்ட வைத்தியர்களுக்கு மருந்தை வழங்கியிருந்தமையால், அமெரிக்காவிலும் சில குழந்தைகள் பாதிக்கப்பட்டன. ஆய்வுக்கு உட்படுகின்றோம் என்பதைப் பெண்களுட் பலர் அறிந்திருக்கவுமில்லை.

இவ்விடத்தில் அரசியற் பின்னணியையும் நோக்குதல் வேண்டும். செனட்டர் எஸ்ரஸ் கெபோவர் 1959 டிசெம்பரிலே தொடங்கிய விசாரணைகளின் முதற்பொருள் பாதுகாப்பன்று. மருந்துக் கம்பனிகளின் ஏகபோகமும் அடாத விலையுமே. குறித்த காலத்தின்பின் காப்புரிமையைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளக் கம்பனிகளைக் கட்டாயப்படுத்தும் ஏற்பாடு அவரது மசோதாவில் இடம்பெற்றிருந்தது. தலிடோமைட் பற்றிய செய்தி 1962 யூலையிற் பகிரங்கமானதும் எழுந்த மக்கள் சீற்றம் மசோதாவை நிறைவேறச் செய்தது. ஆனால் நிறைவேறிய சட்டத்தில் விலையையும் காப்புரிமையையும் தொட்ட பகுதிகள் இருக்கவில்லை. பாதுகாப்பை விட்டுக்கொடுக்க நேர்ந்த மூலதனம் இலாபத்தின் ஊற்றைக் காத்துக்கொண்டது எனலாம்.

எனினும் 1962 ஒக்டோபர் 10ஆந் திகதி கைச்சாத்தான அத்திருத்தச் சட்டம் மருத்துவ அறிவின் அடிப்படையையே மாற்றியது. மருந்து பாதுகாப்பானது என்பது மட்டுமன்றிப் பயனுடையது என்பதும் முறையான ஒப்பீட்டு ஆய்வுகளால் நிறுவப்படல் வேண்டும் என அது விதித்தது. அரசின் மௌனம் இனிச் சம்மதமாகாது. வெளிப்படையான அங்கீகாரம் வேண்டும். ஆய்வுக்கு உட்படுவோரின் இசைவைப் பெறுதலும் சட்டத்தில் இடம்பெற்றது.

3. தாமதம் பற்றிய வாதம்

1970களில் இச்சட்டத்துக்கு எதிரான விமர்சனம் வலுப்பெற்றது. வில்லியம் வாடெல் என்னும் மருந்தியலாளர், பிரித்தானியாவிற் கிடைக்கும் பல மருந்துகள் அமெரிக்காவுக்குப் பிந்தியே வருவதை எடுத்துக்காட்டினார். சிக்காகோப் பொருளியலாளர் சாம் பெல்ற்ஸ்மன், 1962ஆம் ஆண்டுச் சட்டம் புதிய மருந்துகளின் வருகையைப் பெரிதுங் குறைத்துவிட்டது என வாதிட்டார்.

இவ்விமர்சனத்தை முதலாளித்துவப் பிரசாரம் என ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. தவறான மருந்தை அனுமதித்த அதிகாரி கேள்விக்கு உட்படுவார். பாதிக்கப்பட்டோரின் முகங்கள் செய்தித்தாள்களில் வெளிவரும். நல்ல மருந்தைத் தாமதித்தமையால் இறந்தோரோ தாம் எதனால் இறந்தோம் என்பதை அறியார். அவர்களுடைய உறவினரும் அறியார். ஒரு தவறு கண்ணுக்குத் தெரிவதும் மற்றைய தவறு தெரியாததுமாகிய இச்சமமின்மை, எந்நிர்வாகத்தையும் தாமதத்தின் பக்கமே சாயவைக்கும்.

ஆயினும் வாதத்தின் அளவுகோல் பிழையானது. முதலாவது, புதிய மருந்துகளின் எண்ணிக்கை 1962க்கு முன்னரே சரியத் தொடங்கிவிட்டது. இரண்டாவது, எண்ணிக்கையைப் புத்தாக்கத்தின் அளவாகக் கொள்வதே ஐயத்துக்குரியது. 1938க்கும் 1962க்கும் இடையில் அனுமதிபெற்ற மருந்துகளின் பயன்பாடு புதிய சட்டத்தின்படி மீளாய்வு செய்யப்பட்டபோது, 1984 அளவில் முடிவு காணப்பட்ட 3,443 தயாரிப்புகளுள் 1,051 பயனற்றவையெனத் தீர்மானிக்கப்பட்டன. சட்டத்துக்கு முந்திய ‘பொற்காலத்தின்’ மருந்துகளுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, கூறப்பட்ட பயனைத் தராதவை. அவற்றின் வருகை குறைந்தமையைப் புத்தாக்கத்தின் வீழ்ச்சியென்று கூறுதல் பொருந்துமா?

தாமதத்தின் இருபக்கங்களையும் ஒரே மருந்துக் குடும்பத்திற் காணலாம். ஜேம்ஸ் பிளாக் பிரித்தானியாவில் உருவாக்கிய புரொப்பிரனலோல் இதயநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் அரிய மருந்து. அமெரிக்காவில் 1967இல் இதயத் துடிப்புக் கோளாறுக்கு அனுமதிக்கப்பட்ட அது, உயர் இரத்த அழுத்தத்துக்கு 1976இலேயே அனுமதிபெற்றது. இவ்விடைவெளியில் நேர்ந்த இழப்பு உண்மையானது. அதே குடும்பத்தைச் சேர்ந்த பிறக்ரலோல் 1970இற் பிரித்தானியச் சந்தைக்கு வந்தது. கண்களையும் வயிற்றின் உட்சவ்வையும் அது சிதைப்பது தெரியவந்தமையால் 1970களின் நடுப்பகுதியிற் பொதுப் பாவனையிலிருந்து அகற்றப்பட்டது. அமெரிக்காவில் அதற்கு அனுமதி வழங்கப்படவேயில்லை. ஒன்றில் தாமதம் உயிரைப் பறித்தது; மற்றொன்றில் பார்வையைக் காத்தது. தாமதம் தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று. அக்காலத்தில் எத்தகைய அறிவு திரட்டப்பட்டது என்பதே பொருட்டு.

4. நோயாளர் எழுப்பிய குரல்

1980களில் எயிட்ஸ் நோய் பரவியபோது இவ்விவாதம் புதிய பரிமாணம் பெற்றது. அதுவரை விரைவைக் கோரியோர் பெரும்பாலும் கம்பனிகளும் அவற்றின்பாற்பட்ட பொருளியலாளருமே. இப்பொழுது இறந்துகொண்டிருந்த நோயாளரே அதனைக் கோரினர். 1986இல் ஏ.சி.ரி. என்னும் மருந்து பற்றி நடைபெற்ற ஒப்பீட்டு ஆய்வில், மருந்து பெற்ற குழுவில் ஒருவரும் வெற்றுக் குளிசை பெற்ற குழுவில் 19 பேரும் இறந்தமையால், ஆய்வு இடைநிறுத்தப்பட்டு யாவருக்கும் மருந்து வழங்கப்பட்டது. 1987 மார்ச்சில், விண்ணப்பித்துச் சில மாதங்களுக்குள்ளேயே, அனுமதியுங் கிடைத்தது. 1988 ஒக்டோபர் 11ஆந் திகதி நோயாளரும் ஆதரவாளரும் உணவு மருந்து நிர்வாகத்தின் தலைமையகத்தை முற்றுகையிட்டனர். தாமதத்தால் இறப்போர் முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தனர். 1992இல், இறுதிச் சான்று கிட்டுமுன் நியாயமான அறிகுறிகளைக் கொண்டு உயிராபத்தான நோய்களுக்கு மருந்தை விரைந்து அனுமதிக்கும் முறை விதியாக்கப்பட்டது. அனுமதியின் பின்னர் உறுதிப்படுத்தும் ஆய்வை நடத்தி முடித்தல் கம்பனியின் கடமையாயிற்று.

இதே காலப்பகுதியில் வெளிவந்த வேறோர் ஆய்வு, ‘நியாயமான அறிகுறி’ எத்துணை ஏமாற்றக்கூடியது என்பதை உணர்த்தியது. மாரடைப்பின் பின்னர் ஏற்படும் ஒழுங்கற்ற இதயத் துடிப்பு மரணத்தின் முன்னறிகுறி. எனவே அத்துடிப்பை அடக்கும் மருந்து மரணத்தைத் தடுக்கும் என வைத்தியர்கள் நம்பினர். என்கெயினைட், பிளெக்கெயினைட் ஆகிய மருந்துகள் துடிப்பை அடக்கின என்பது உண்மை. ஆனால் 1989இல் இடைநிறுத்தப்பட்ட ஒப்பீட்டு ஆய்வில், அவற்றை உட்கொண்ட நோயாளரிடையே மரணம் கூடுதலாக நிகழ்ந்தமை வெளிப்பட்டது. அறிகுறி சீரடைந்தது, நோயாளி இறந்தார். வெற்றுக் குளிசை பெற்ற குழு இல்லாதிருப்பின் இவ்வுண்மை வெளிப்பட்டிராது. மாரடைப்பு நோயாளர் மாரடைப்பினால் இறந்தனர் என்றே கொள்ளப்பட்டிருக்கும்.

எயிட்ஸ் இயக்கத்தினரும் இப்பாடத்தைக் கற்றனர். நோய் முற்றுமுன்னரே ஏ.சி.ரி.யைத் தொடங்குவதால் நீடித்த நன்மை இல்லையென 1993இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்று காட்டியதன் பின்னர், அவ்வியக்கத்தில் ஒரு பகுதியினர் விரைவுடன் சிறந்த ஆய்வுகளையும் வற்புறுத்தத் தலைப்பட்டனர். விரைவும் மெய்ப்பிப்பும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்னும் தெளிவை இவர்கள் நூல்களிலிருந்தன்றித் தம் தோழர்களின் மரணங்களிலிருந்தே பெற்றனர்.

5. கடனும் தவணையும்

விரைவான அனுமதியை ஒரு கடனுக்கு ஒப்பிடலாம். சமுதாயம் முன்கூட்டி நம்பிக்கையை வழங்குகின்றது; கம்பனி பின்னர் சான்றினால் அதனைத் தீர்த்தல் வேண்டும். கடந்த முப்பது ஆண்டுகளின் அனுபவம், கடன் பெறப்பட்ட விரைவில் தீர்க்கப்படவில்லை என்பதையே காட்டுகின்றது. குறைமாதப் பிரசவத்தைத் தடுக்குமென 2011இல் விரைந்து அனுமதிக்கப்பட்ட மகேனா என்னும் ஊசிமருந்து பயனற்றதென 2019இல் வெளியான உறுதிப்படுத்தும் ஆய்வு காட்டியது. எனினும் அது சந்தையிலிருந்து அகற்றப்பட்டது 2023இலேயே. இத்தகைய அனுபவங்களின் விளைவாக, அனுமதி வழங்குமுன்னரே உறுதிப்படுத்தும் ஆய்வைத் தொடங்குமாறு பணிக்கும் அதிகாரம் 2022 டிசெம்பரில் நிர்வாகத்துக்கு வழங்கப்பட்டது.

வழமையான முறையில் அனுமதிபெற்ற மருந்துகளுக்கும் இது பொருந்தும். மூட்டுநோவுக்கென 1999இல் அனுமதிக்கப்பட்ட வியொக்ஸ், இதயநோயைப் பெருக்குவது உறுதியானதும் 2004 செப்டெம்பரில் மீட்டுக்கொள்ளப்பட்டது. ஐயத்துக்கு இடமான சான்றுகள் 2000ஆம் ஆண்டிலேயே கிட்டியிருந்தன. ஆனால், சந்தைக்கு வந்துவிட்ட மருந்தைப் பற்றிய புதிய ஆய்வை வற்புறுத்தும் தக்க அதிகாரம் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே நிர்வாகத்துக்குக் கிடைத்தது.

கட்டுப்பாடு என்பது தடை மட்டுமன்று என்பதற்குத் தலிடோமைட்டே சான்றாகும். 1964இல் ஜெரூசலேத்தில் யேக்கப் செஸ்கின் என்னும் வைத்தியர், தொழுநோயாளரிடையே தோன்றும் கொடிய அழற்சியை அம்மருந்து தணிப்பதைக் கண்டார். 1998இல் அமெரிக்கா அதனை அந்நோய்க்கு அனுமதித்தது. 2006இல் என்புமச்சைப் புற்றுநோயொன்றுக்கும் அனுமதி கிடைத்தது. மருந்தை எழுதும் வைத்தியர், வழங்கும் மருந்தாளர், உட்கொள்ளும் நோயாளர் ஆகிய மூவரும் பதிவு செய்யப்பட்டு, கருத்தரிப்பு நேராதவாறு கண்காணிக்கப்படுதல் நிபந்தனையாயிற்று. பத்தாயிரம் குழந்தைகளைப் பாதித்த அதே மூலக்கூறு, கண்காணிப்பின் கீழ் உயிர்காக்கும் மருந்தானது. கட்டுப்பாடே இங்குப் புத்தாக்கத்துக்கு வழி திறந்தது.

6. எமது நாடுகளில்

இதுவரை கூறியவை சோதிக்கும் வலுப்படைத்த ஒரு நாட்டைப் பற்றியன. அவ்வலு குறைந்த நாடுகளில் வினா வேறு வடிவம் பெறுகின்றது. 1937இல் அமெரிக்கக் குழந்தைகளைக் கொன்ற டைஎதிலீன் கிளைக்கோலும் அதனோடொத்த நஞ்சும் 2022இல் காம்பியாவிலும் இந்தோனேசியாவிலும் இருமற் பாணிகளிற் கலந்து பெருந்தொகையான குழந்தைகளைக் கொன்றன. 2025இல், தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான பாணியினால் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்குக் குறையாத குழந்தைகள் மாண்டனர். இந்நஞ்சைக் கண்டறியும் முறை அறிவியலுக்குப் புதியதன்று. குறைந்தது அறிவன்று, அவ்வறிவை ஒவ்வொரு தொகுதி மருந்தின் மீதும் செலுத்தும் நிறுவன வலுவே.

இலங்கையைப் பொறுத்தவரை, 1971இல் வைத்தியர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் பேராசிரியர் சேனக பிபிலேயும் சமர்ப்பித்த அறிக்கையும், அதன்வழி தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனமும் மூன்றாம் உலகுக்கு முன்மாதிரியாயின. வணிகப் பெயர்களுக்குப் பதிலாக மருந்தின் பொதுப்பெயரைக் கையாண்டு, உலகளாவிய கேள்விப்பத்திரங்களின் மூலம் மலிவாகக் கொள்வனவு செய்வது அத்திட்டத்தின் சாரம். இதனை எதிர்த்தோர் பொதுப்பெயர் மருந்துகளின் தரம் பற்றிய ஐயத்தையே ஆயுதமாகக் கொண்டனர். வாஷிங்டனில் இடையூறாகத் தெரிந்த ‘பாதுகாப்பு’ கொழும்பில் ஏகபோகத்தின் கேடயமாகியமை சிந்தனைக்குரியது. தரத்தை நிறுவவேண்டியது வணிகப் பெயரன்று, ஆய்வுகூடம் என்பதே அதற்குரிய மறுமொழி. பிபிலே 1977இற் கயானாவிற் காலமானார். உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டிலேயே.

1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டமும், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை நிறுவிய 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் மருந்துப் பதிவை எமது நாட்டிற் கட்டாயமாக்கின. ஆனால் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு உச்சமடைந்தபோது, பதிவுபெறாத மருந்துகள் விதிவிலக்கின் கீழ்த் தருவிக்கப்பட்டன. தட்டுப்பாட்டின்போது விரைவு தேவையே; அதனை மறுப்போர் வைத்தியசாலை வாசலில் மருந்தின்றித் திரும்பியோரை மறந்தவராவர். ஆனால் விதிவிலக்கின் கீழ் வந்த மருந்தைப் பின்னர் சோதிப்பவர் யார்? 2023இல் எழுந்த தரமற்ற இம்யூனோகுளோபுலின் விவகாரம் நீதிமன்றம் வரை சென்றமை, இவ்வினாவுக்கு உரிய காலத்தில் விடை காணப்படாமையின் விளைவாகும்.

மேற்போந்தவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. மெய்ப்பிக்கும் கடமை உற்பத்தியாளருடையதாக இருத்தல் வேண்டும். அதனை நோயாளியின் உடலின்மீது சுமத்துதல் ஆகாது. விரைவு தேவைப்படுமிடத்து வழங்கப்படலாம். ஆனால் பின்னர் நிறைவேற்றவேண்டிய ஆய்வும், நிறைவேறாவிடின் மருந்தை அகற்றும் அதிகாரமும் அவ்வனுமதியுடனேயே பிணைக்கப்படல் வேண்டும். சட்டம் எத்துணைச் சிறந்ததாயினும், ஆய்வுகூடமும் சுதந்திரமான அலுவலரும் இல்லாதவிடத்து அது வெறும் ஏடேயாகும். நெருக்கடிக் காலத்தில் முதலில் வெட்டப்படும் செலவினங்களுள் ஆய்வுகூடச் செலவும் ஒன்றாக இருப்பின், அதன் விலையைச் செலுத்துவோர் அரச வைத்தியசாலைகளையன்றி வேறு புகலிடமற்ற மக்களே. அம்மக்களின் சார்பில் இவ்வினாக்களை எழுப்பும் பொறுப்பு மருந்தியற் பீடங்களுக்கு மட்டுமன்றி, வரலாற்றையும் சமுதாயத்தையும் கற்போர்க்கும் உரியதாகும்.